தேடிச் சென்ற கப்பல்

பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய்த் தீவுத்தொடரின் வடமேற்குக் கோடியில் கூரே என்றொரு பவளத்தீவு உள்ளது. நீருக்குள் மறைந்து வட்டமாய் வளைந்து கிடக்கும் பாறை விளிம்பு, அதனுள்ளே தாழ்ந்த மணல்திட்டுகள், கடற்பறவைகள். அவ்வளவே. 1837இல் கிளெட்ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயத் திமிங்கில வேட்டைக் கப்பலும், 1842இல் பார்க்கர் என்னும் அமெரிக்க வேட்டைக் கப்பலும் இந்த விளிம்பில் மோதி உடைந்தன. அவற்றில் வந்தோர் இம்மணலில்தான் உயிர்பிடித்துக் கிடந்தனர்.

1870ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், சாகினா என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் அருகிலுள்ள மிட்வே தீவிலிருந்து புறப்பட்டது. நிலக்கரி நிரப்பும் துறையாக மிட்வேயை மாற்ற, அங்குள்ள பாறையை உடைத்து வழியமைக்க அரசு 50,000 டாலர் ஒதுக்கியிருந்தது. பணம் தீர்ந்தது, வழி அமையவில்லை. வேலையாட்களை ஏற்றிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்புவதே கப்பலுக்கு இருந்த பணி. ஆனால் கப்பல் தலைவர் மாண்ட்கோமரி சிக்கார்ட் கிழக்கே செல்லாமல், முதலில் மேற்கே திருப்பச் சொன்னார். கூரேயில் எவரேனும் ஒதுங்கித் தவிக்கின்றனரா எனப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது அவர் எண்ணம். யாரும் அங்கிருப்பதாக அவருக்குச் செய்தி இல்லை. இருக்கக்கூடும் என்பதே போதுமானதாயிருந்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று, அந்தக் கப்பலின் முன்கதையையும் சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியாவின் மேர் தீவுக் கப்பல்தளத்தில் 1859இல் நீரில் இறக்கப்பட்ட சாகினா, இருபுறமும் சக்கரங்கள் சுழலும் மரத்தாலான நீராவிக் கப்பல். 1869ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடுங்குளிரில், அலாஸ்காவின் கேக் மக்களுடைய ஊர்களைச் சுட்டும் எரித்தும் அழித்தது இதே கப்பல்தான். இரு வெள்ளையர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கல் அது. அந்தக் கொலைகளோ, அதற்கு முன்னர்ப் படைவீரர் சுட்டுக் கொன்ற கேக் மக்களுக்கான பழி. வீடும், சேமித்த உணவும், படகுகளும் போயின. அச்செயலுக்காக அமெரிக்கக் கடற்படை அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2024இல்தான். அன்று தலைமை தாங்கியவர் வேறொருவர் என்பது மெய். எனினும் ஊரை எரித்த அதே பலகைகளின் மேல் நின்று, முகமறியாத எவரோ தவிக்கலாமே என்று ஒருவர் கவலைப்பட்டார். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

பொழுது புலரும் வேளையில் தீவை அடையும்படி வேகத்தைக் குறைத்தே கப்பல் சென்றது. நீரோட்டமோ அதை எதிர்பார்த்ததற்கு முன்பே கொண்டுபோய்ச் சேர்த்தது. 29ஆம் நாள் விடியுமுன், இருளில், வெண்ணுரை தென்பட்டபோது காலம் கடந்திருந்தது. பாறையில் ஏறிய கப்பலை அலைகள் பிளந்தன. ஆயினும் கப்பலில் இருந்த 93 பேரும் கரை சேர்ந்தனர். தவிப்போரைத் தேடி வந்தவர்களே தவிப்போர் ஆயினர்.

கரையில் அவர்கள் வாழ்ந்த முறை கவனிக்கத்தக்கது. கிடைத்த உணவை ஒரே இடத்தில் சேர்த்துக் காவலிட்டு, நாள்தோறும் அளந்து பகிர்ந்தனர். கடல்நாய்களையும் அல்பட்ராஸ் பறவைகளையும் கொன்று தின்றனர். உடைந்த கப்பலின் பொறிகளை மீட்டுக் கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடித்தனர். சிதைந்த மரங்களைக் கொண்டு புதியதொரு பாய்மரக் கப்பலைக் கட்டவும் தொடங்கினர். ஆனால் இவர்கள் இங்கிருப்பது உலகில் எவருக்கும் தெரியாது.

லெப்டினென்ட் ஜான் டால்பட் தாமே முன்வந்தார். அவருடன் பீட்டர் பிரான்சிஸ், ஜான் ஆண்ட்ரூஸ், ஜேம்ஸ் மியூர், வில்லியம் ஹால்ஃபர்ட் ஆகிய நால்வர். 22 அடி நீளமுள்ள கப்பற்படகுக்கு மேல்தட்டுப் பலகை அடித்து, பாய் கட்டி, நவம்பர் 18ஆம் நாள் ஐவரும் புறப்பட்டனர். காற்று எதிர்த்திசையில் வீசியதால் வளைந்து வளைந்து ஏறத்தாழ 1,500 மைல் செல்ல நேர்ந்தது. கொண்டுசென்ற உணவில் பெரும்பகுதி கெட்டது. வயிற்றுக்கடுப்பு வாட்டியது. நனைந்த உடை உலராமலே நாட்கள் கழிந்தன.

முப்பத்தோராம் நாள், டிசம்பர் 19 அன்று, காவாய்த் தீவின் வடகரை எதிரே வந்தது. அதுவரை பெருங்கடலைத் தாங்கிய படகு, கரையோரத்து அலையில் கவிழ்ந்தது. மெலிந்த உடல்கள் நீந்த இயலாதவை. பிரான்சிஸும் ஆண்ட்ரூஸும் அடித்துச் செல்லப்பட்டனர். டால்பட் மூழ்கினார். மியூர் கரையை எட்டியும் பிழைக்கவில்லை. ஹால்ஃபர்ட் ஒருவரே எஞ்சினார். சிக்கார்ட் கொடுத்தனுப்பிய கடிதங்களும் அவரோடு கரை சேர்ந்தன. அத்தீவின் மக்கள் அவரைத் தாங்கிப் பேணினர். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாள் அவர் ஹொனலுலுவை அடைந்தார். ஹவாய் அன்று தனி அரசு. ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் தம் நீராவிக் கப்பலான கிலாவேயாவை உடனே அனுப்பி வைத்தார்.

டால்பட் போகாமலே இருந்திருந்தால் என்ன என்று இன்று நாம் நாற்காலியில் அமர்ந்து கேட்பது எளிது. கட்டிக்கொண்டிருந்த கப்பல் முடிந்திருக்கலாம். வேறெவரேனும் தேடி வந்திருக்கலாம். அளந்து கொடுத்த உணவு அதுவரை போதுமா என்பதுதான் அன்றைய கேள்வி. அதற்கு விடை தெரியாத நிலையில் ஐவர் புறப்பட்டார்கள்.

அந்தப் படகு மிச்சிகன் மாநிலத்துச் சாகினா நகரின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. உடைந்த கப்பலின் பீரங்கிகளையும் நங்கூரங்களையும் 2003இல் முக்குளிப்போர் கூரேயின் பாறை விளிம்பில் கண்டெடுத்தனர்.

1871 ஜனவரித் தொடக்கத்தில் கிலாவேயாவின் புகை கூரேயின் வானில் தெரிந்தது. கரையில் இருந்த 88 பேரில் ஒருவர்கூட இறந்திருக்கவில்லை. அனைவரும் உயிரோடு கப்பலேறினர். நால்வர் இறந்த செய்தியும் அந்தக் கப்பலில்தான் வந்திருந்தது.