மலாக்காவில் கணினிக்கூடங்களும் ஈரப்பதமும்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் கணினியைக் கெடுப்பது வெயிலைவிட ஈரப்பதமே. வெளியே 32 பாகை செல்சியசும் 70 விழுக்காட்டு ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை, அதாவது காற்றின் நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 பாகை. 20 பாகைக்குக் குளிரூட்டிய அறையில் அந்தக் காற்று புகுந்தால், குளிர்ந்த பரப்புகளில் நீர்த்துளி படியும். தாய்ப்பலகைத் தூசு அதை உறிஞ்சும். செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். மின்கட்டணம் கருதி இரவில் குளிர்சாதனத்தை நிறுத்துவதே சிக்கனம் என்பர். வெப்பத்தைப் பொறுத்தவரை அணைத்த கணினிக்கு அது சரி. ஓயாமல் ஓடும் சர்வருக்கு ஆகாது. அதற்கு அமெரிக்கக் குளிரூட்டுப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 18 முதல் 27 பாகை வரை பரிந்துரைக்கிறது.

கணினிகளைவிட, இதே ஈரப்பதத்தில் வேலை செய்யும் பணியாளர் நிலை இன்னும் கவலைக்குரியது. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது, உடற்சூடு எளிதில் தணியாது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் முதல்நிலை வெப்ப எச்சரிக்கை, குறைந்தது 3 நாள் தொடர்ந்து 35 பாகையை எட்டினால் வருவது. அதில் ஈரப்பதக் கணக்கு இல்லை. ஆகவே 33 பாகையிலேயே ஓய்வும் தண்ணீரும் கொடுக்கத் தொடங்க வேண்டும்.