ஒரு பவுண்டு தேயிலைக்கு ஓடியவர்கள்

நவீன ஒலிம்பிக்கின் தந்தை என்று பிரான்ஸின் பியர் தெ குபர்த்தெனைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் அவருக்கு முன்னோடி ஓர் ஆங்கிலேய டாக்டர்.

இங்கிலாந்தின் மச் வென்லாக் என்ற சிற்றூரில் வில்லியம் பென்னி புரூக்ஸ் 1850-இல் ‘ஒலிம்பியன்’ என்ற பெயரில் விளையாட்டு விழா தொடங்கினார். கிரிக்கெட்டும் கால்பந்தும் நடந்த அந்த விழாவில், கண்ணைக் கட்டிக்கொண்டு தள்ளுவண்டி ஓட்டும் போட்டியும் சேர்ந்துகொண்டது. பாட்டிமாருக்கும் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். பரிசு, ஒரு பவுண்டு தேயிலை!

ருமேனியாவில் பெரும்பணம் சேர்த்த கிரேக்கர் எவாங்கெலோஸ் சாப்பாஸின் செலவில் 1859-இல் ஏதென்ஸிலும் ஓர் ஒலிம்பிக் நடந்தது. சேதி அறிந்த புரூக்ஸ் தன் பங்குக்குப் பத்துப் பவுண்டு பரிசு அனுப்பிவைத்தார். ஆனால் அங்கே ஓடியதெல்லாம் கிரேக்கர்கள்தான். பல நாட்டவரையும் கூப்பிடுங்கள் என்று 1880-களில் புரூக்ஸ் கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை.

1890-இல் 27 வயது குபர்த்தென் மச் வென்லாக்குக்கு வந்தார். 81 வயது புரூக்ஸ் அவருக்காகவே ஒரு விழா நடத்திக் காட்டினார். பிறகு 1894-இல் பாரிஸில் குபர்த்தென் கூட்டிய மாநாடு, 1896 ஏப்ரலில் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக். பழைய அரங்கைப் பளிங்கால் புதுப்பிக்கக் காசு கொடுத்தவர், எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் வணிகம் செய்த ஜார்ஜ் அவெராஃப். பாவம், புரூக்ஸ் நான்கு மாதம் முன்புதான் காலமாகியிருந்தார்.

அடுத்த ஒலிம்பிக்கைப் பாரிஸ் உலகக் கண்காட்சி விழுங்கிவிட்டது. எது ஒலிம்பிக், எது கண்காட்சிக் கேளிக்கை என்று ஆடியவர்களுக்கே விளங்கவில்லை. கோல்ஃபில் வென்ற அமெரிக்கர் மார்கரெட் அபாட், தாம் ஒலிம்பிக் சாம்பியன் என்று தெரியாமலே 1955-இல் இறந்தார். அந்தக் குளறுபடியிலும் கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்ட் இரண்டு வெள்ளி வென்றார். இப்படி நடந்தும் ஒலிம்பிக் பிழைத்ததுதான் ஆச்சரியம்.

பல நாடுகள் கூடி விளையாடும் இந்த வழக்கத்தைக் கிழக்காசியாவுக்குக் கொண்டுவந்தது கிறிஸ்தவ இளைஞர் அமைப்பான ஒய்.எம்.சி.ஏ. அதன் எல்வுட் பிரவுன் முன்னின்று 1913-இல் மணிலாவில் பிலிப்பைன்ஸையும் சீனாவையும் ஜப்பானையும் மோதவிட்டார். தூரக்கிழக்குப் போட்டி என்ற பெயரில் அது 1934 வரை நீடித்தது. அதே ஒய்.எம்.சி.ஏ.வின் ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துப்போனவரும் அவரே.

இந்திய விளையாட்டு நிர்வாகி குரு தத் சோந்தியின் முயற்சியால் 1951-இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 11 நாடுகள் வந்தன. 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அழைக்கப்படாத ஜப்பானும் அவற்றில் ஒன்று. பதக்கப் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான்.