தூண்டில் முள்ளை எங்கே ஒளிப்பது?

சூது அதிகாரத்தின் முதல் குறளில் (931) வள்ளுவர் ஒரு மீனைக் கொண்டு வருகிறார். சூதில் வரும் வெற்றி, தூண்டில் இரும்பை இரையென்று எண்ணி மீன் விழுங்கியதைப் போன்றது என்கிறார். அந்த இரும்புக்கு அவர் போடும் சொல் ‘பொன்’. உலோகத்துக்கு அன்று அது பொதுப் பெயர். உவமை என்றால் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். ஆக, இரைக்குள் முள்ளை ஒளிக்கும் வித்தை அன்றைக்கே ஊரறிந்த விஷயம்.

மீனிடமிருந்து மட்டும் ஒளித்தால் போதாது, செடியிடமிருந்தும் ஒளிக்க வேண்டும். இது கண்மாயில் தூண்டில் போட்டவர்களுக்குத் தெரியும். கிருஷ்ணன்கோவிலைச் சுற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கமெல்லாம் கண்மாய்கள்தான். மழைக்குப் பெருகும், கோடையில் வற்றும். நடுவில் தாமரை, ஆகாயத்தாமரை, மூழ்கிப்போன கருவேல மரம். இந்த மறைவில்தான் விரால் பதுங்கும். காற்றையும் சுவாசிக்கும் மீன் என்பதால், தண்ணீர் குறைந்து கலங்கினாலும் தாக்குப்பிடிக்கும். அது இருக்கும் இடத்தில் முள்ளை வீசினால் முதலில் மாட்டுவது தாமரைத்தண்டு.

இதற்கு நம்மூர்க்காரர்கள் கண்ட வழி, உயிருள்ள தவளை. முள்ளில் கோர்த்து, செடிகளின் இடைவெளியில் தண்ணீர்மேல் துள்ள விடுவது. தவளை மேலேயே நிற்பதால் முள் கீழே இறங்கிச் சிக்காது. மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ எழுதினார். பிறகு 1887-இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று தனிப் புத்தகம் போட்டார். ஆற்றுக்குப் பழகிய கை குளத்துக்குப் போதாது என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

சரி, இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். ஒஹாயோ மாநிலத்தின் அக்ரான் நகரம், டயர் கம்பெனிகளின் ஊர். 1926-இல் அங்கே பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், விறைப்பான பிவிசியை வளையும் பொருளாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். அதே ஊரில் 1949-இல் நிக் கிரீம் என்பவர் மனைவியோடு சேர்ந்து, வீட்டு அடுப்பில் வினைலைக் காய்ச்சி அச்சில் ஊற்றி, மண்புழு செய்தார். பாஸ் மீன் பிடிப்பவர்கள் அதைக் கொத்திக்கொண்டு போனார்கள். இன்று நம் கடைகளில் ‘ரப்பர் மீன்’ என்று கேட்டு வாங்கும் ஸ்விம்பெய்ட், அந்தப் புழுவின் பேரப்பிள்ளை. பெயரில்தான் ரப்பர், உள்ளே இருப்பது மென்மையாக்கிய பிவிசி.

மரத்திலும் தகரத்திலும் செய்த இரைகளில் முள் வெளியே தொங்கும். மெத்தென்ற உடம்பு வந்ததும் முள் நுனியை அதற்குள்ளேயே புதைக்க முடிந்தது. இப்படிக் கோர்ப்பதற்குத்தான் ‘டெக்சாஸ் ரிக்’ என்று பெயர். செடியில் உரசினால் நுனி வெளியே வராது. மீன் கடித்து அமுக்கினால் வரும். கண்மாய்க்கும் அமெரிக்க ஏரிக்கும் சிக்கல் ஒன்றுதான்.

கோர்ப்பது எப்படி? கழுத்தில் மடிப்புள்ள, வாய் அகன்ற முள்ளை எடுங்கள். ரப்பர் மீனின் மூக்கில் அரை சென்டிமீட்டர் குத்தி, தாடை வழியாக வெளியே எடுத்து, மடிப்பு வரை இழுங்கள். முள்ளைத் திருப்பி உடம்பின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளைவு வரும் இடத்தில் வயிற்றில் குத்தி முதுகில் எடுத்து, நுனியைத் தோலுக்கடியில் லேசாகச் செருகிவிடுங்கள். உடம்பு நேராக இருக்க வேண்டும். ஒரு துளி கோணினாலும் இழுக்கும்போது பம்பரமாய்ச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும். முள்ளின் தண்டில், வயிற்றுப் பக்கம் சின்ன ஈயம் இருந்தால் நிமிர்ந்து நீந்தும். செடியில்லாத திறந்த தண்ணீரில் இவ்வளவு பாடு வேண்டாம், ஈயத்தலை முள்ளே போதும்.

தேர்வுக்கு என் கணக்கு எளிது: அந்தத் தண்ணீரில் ஓடும் கெண்டைக்குஞ்சின் அளவு, மூன்று நான்கு அங்குலம். மழைக்குப் பின் செம்மண் கலங்கலில் நிறத்தைவிட வால் முக்கியம். துடுப்பு போன்ற அகலமான வால் தண்ணீரை அடிக்கும் அதிர்வை மீன் தன் பக்கவாட்டுக் கோட்டால் உணரும். அங்கே அடர்ந்த நிறம், தெளிந்த தண்ணீரில் வெள்ளி நிறம். விராலின் தாடை எலும்பு கெட்டியானது, அதனால் கடித்ததும் சுண்டி இழுக்கத் தாங்கும் முள்ளும் நரம்பும் தேவை.

இரை மட்டும் கடல் தாண்டவில்லை, மீன்களும் தாண்டின. 1925-இல் அகபோஷி டெட்சுமா என்ற தொழிலதிபர் கலிபோர்னியாவிலிருந்து பாஸ் மீனைக் கொண்டுபோய் ஜப்பானின் ஆஷி ஏரியில் விட்டார். அது பரவி, 2005-இல் அமலுக்கு வந்த சட்டத்தின்கீழ் ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் ஏறியது. மறுபக்கம், விரால் இனத்தைச் சேர்ந்த சீன மீன் ஒன்று 2002-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், கிராஃப்டன் ஊர்க் குட்டையில் கிடைத்தது. அரசாங்கம் மருந்து போட்டு அந்தக் குட்டையையே அழித்தது. இப்போது பொட்டோமாக் ஆற்றில் பாஸுக்கு வீசும் அதே இரையை அந்த மீனும் கடிக்கிறது. அதனால் ‘நம் கண்மாயிலும் பாஸ் விட்டால் என்ன?’ என்ற ஆசை யாருக்கும் வர வேண்டாம். வேட்டையாடும் மீன் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அந்த மீனுக்கு நாம் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். செந்நிறக் குஞ்சுக்கூட்டம் மேலே மிதந்தால் கீழே தாயோ தகப்பனோ நிற்கும், பக்கத்தில் வரும் எதையும் பாய்ந்து கடிக்கும். பசியில் கடிப்பதில்லை, குஞ்சுக்காகக் கடிக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் கெண்டைகளும் நீர்க்காகங்களும் அந்தக் கூட்டத்தைக் காலி செய்துவிடும். அங்கே வீசாதீர்கள். இரண்டு, தவளையும் மண்புழுவும் மக்கிப் போகும், பிவிசி மக்காது. கிழிந்த ரப்பர் மீனைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

கண்மாய் வற்றும்போது தரையில் என்ன கிடக்கிறது என்று ஊரே பார்க்கும். அங்கே மட்டும் எதையும் ஒளிக்க முடியாது.