மார்கழிக் குளிரும் ஆண்டாளின் எண்ணெய்க் காப்பும்

"உங்கள் பக்கத்தில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா?" என்று வெளியூர் உறவினர்கள் கேலி செய்வதுண்டு. சோழபுரத்தில் மார்கழி விடியற்காலையில் வாசல் தெளித்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று காதைப் பிடிக்கும். உதடு வெடிக்கும், குதிகாலில் பிளவு விழும். தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் வெள்ளையாக உறைந்து, வெயில் ஏறும் வரை வெளியே வர மறுக்கும்.

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழிக் கல்வி. 'இவேர்' என்ற குளிர்காலத்தை அங்கே மனப்பாடமாகவே படித்தோம். கூரையில் பனி, கணப்பு அடுப்பு, பக்கத்தில் கம்பளி பின்னும் பாட்டி. வியர்வை வழிய அதை ஒப்பித்தோம். நம்முடைய குளிர்காலத்துக்கு எங்களிடம் பாடம் இல்லை. எழுத்தர் வேலையில் ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான இந்தச் சோழபுரத்துக்கு வந்த பிறகுதான், அந்தப் பாடம் முழுவதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பல நூற்றாண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நீராட்டின் பழமை

குளிர்காலத்தில் பெண்கள் கூட்டமாகப் போய் நீராடுவது ஆண்டாளுக்கும் முந்தைய வழக்கம். தை நீராடல் என்ற பெயரில் நற்றிணை, ஐங்குறுநூறு, கலித்தொகை ஆகியவற்றில் அது பேசப்படுகிறது. நல்லந்துவனார் பாடிய பரிபாடல் 11ஆம் பாட்டில், மார்கழித் திருவாதிரையை ஒட்டி வையையில் கன்னிப் பெண்கள் 'அம்பா ஆடல்' ஆடுவது வருகிறது. மழை வேண்டும், நல்ல கணவன் வேண்டும் என்ற வேண்டுதல் ஒருபுறம். குளிரில் நடுங்கிக்கொண்டு தோழிகளோடு சேர்ந்து நீரில் இறங்குவதில் உள்ள மகிழ்ச்சி மறுபுறம். இரண்டையும் நம் முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த வழக்கத்தைத்தான் ஆண்டாள் திருப்பாவையில் எடுத்துக்கொண்டார். முப்பது பாசுரங்களில், வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததாக ஒரு குறிப்பு வருகிறது. பேராசிரியர் மு. இராகவையங்கார் அந்த வானக் குறிப்பை வைத்துக் கணக்கிட்டு, அது கி.பி. 731ஆம் ஆண்டு டிசம்பர் என்று சொன்னார். இதை ஏற்காமல் 9ஆம் நூற்றாண்டு என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குக் குறையாது.

திருப்பாவையை அழகுப் பராமரிப்பு என்ற கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். இரண்டாம் பாசுரத்தில் நோன்பின் கட்டுப்பாடுகள் வருகின்றன. விடியலில் குளிக்க வேண்டும். நெய் கூடாது, பால் கூடாது. கண்ணுக்கு மை கூடாது, தலைக்குப் பூ கூடாது. இருபத்தேழாம் பாசுரத்துக்கு வந்தால் விட்டதெல்லாம் திரும்பி வருகிறது. கைக்கு, தோளுக்கு, காதுக்கு, காலுக்கு என்று நகைகள் வருகின்றன. புதுத் துணி வருகிறது. முழங்கை வரை நெய் வழியும் பால்சோறும் வருகிறது, அதுவும் எல்லோரும் கூடி உட்கார்ந்து உண்பதாக. அந்த நாளைத்தான் நாம் கூடாரவல்லி என்று அக்காரவடிசல் வைத்துக் கொண்டாடுகிறோம். சின்னச் சுகங்களைக் கொஞ்ச காலம் தள்ளிவைத்தால்தான் அவற்றின் அருமை தெரியும் என்பது அந்தக் காலப் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு ராஜா எழுதிய குளிர்காலச் சாப்பாடு

ராஜபாளையத்துத் தெலுங்கு நண்பர்கள் பெருமையோடு சொல்லும் நூல் ஒன்று உண்டு. 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர் எழுதிய ஆமுக்தமால்யதா. சூடிக்கொடுத்த ஆண்டாளின் கதைதான். கதை நடக்கும் இடம் நம்முடைய ஸ்ரீவில்லிபுத்தூர். அதில் விஷ்ணுசித்தர், அதாவது பெரியாழ்வார், தம் வீட்டுக்கு வரும் அடியார்களுக்குப் பருவத்துக்கு ஏற்றபடி சாப்பாடு போடுகிறார். வெயில் காலத்துக்கு ஒரு பட்டியல், மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று.

குளிர்காலப் பட்டியலில் மணமுள்ள புது அரிசிச் சோறு, மிளகு காரம் போட்ட சூடான கறி, மூக்கில் ஏறும் கடுகுப் பச்சடி, பாயசம், ஊறுகாய், காய்ச்சிய நெய், பால் எல்லாம் இருக்கின்றன. பேரரசை ஆண்ட ஒருவர், போர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, குளிருக்கு எந்தப் பச்சடி இதமாக இருக்கும் என்று யோசித்திருக்கிறார். நான் பார்த்த கோப்புகளில் இப்படிப்பட்ட அக்கறை ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

போர்வை, தைலம், கிளி

இப்போது கோயிலுக்கு வருவோம். கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியன்று அங்கே 108 போர்வை சாற்றும் வைபவம் நடக்கிறது. பனி தொடங்கிவிட்டது, தெய்வத்துக்குக் குளிருமே என்று ஒன்றன் மேல் ஒன்றாகப் பட்டுப் போர்வைகள் சாற்றுகிறார்கள். மார்கழியில் பகல்பத்துக்கு முன்பு ஆண்டாளும் ரெங்கமன்னாரும் பெரியாழ்வார் வம்சாவளியினரின் வீட்டுக்கு எழுந்தருளுவார்கள். காய்கறிகளையும் பழங்களையும் பரப்பி வைத்து வரவேற்பார்கள். இதற்குப் 'பச்சை பரத்தல்' என்று பெயர். கட்டிக்கொடுத்த பெண் கணவனோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள் என்பதுதான் அதன் பொருள்.

மார்கழிக் கடைசியில் எண்ணெய்க் காப்பு உற்சவம். எட்டு நாட்கள் ஆண்டாள் திருமுக்குளக் கரை மண்டபத்துக்கு எழுந்தருளுகிறாள். தலைமுடியைச் சிக்கெடுத்து, தைலம் சாற்றி, திருமஞ்சனம் செய்து, பூச்சூட்டி அலங்காரம் செய்கிறார்கள். இருபத்தேழாம் பாசுரத்தில் வருவதைத்தான் இப்படிச் செய்து காட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நோன்பு இருந்த பெண்ணுக்கு இப்போது தலைவாரிவிடும் முறை.

அந்தத் தைலத்தின் கணக்கைக் கோயிலில் சொல்வார்கள். நல்லெண்ணெயோடு பசும்பால், இளநீர், நெல்லிக்காய், தாழம்பூ, 61 வகை மூலிகைகள் எல்லாம் சேர்த்து, நாற்பது நாட்கள் வரை காய்ச்சி எடுப்பது. உற்சவம் முடிந்ததும் அது பிரசாதமாகக் கிடைக்கும். ஏன் நல்லெண்ணெய்? தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டியாகிவிடும். நல்லெண்ணெய் நம் ஊர்க் குளிருக்கு உறையாது. உடம்புக்குச் சூடு தருவது என்றும் வைத்தியர்கள் சொல்வார்கள். கைக்கு வழவழவென்று ஓடுகிற எண்ணெயை வைத்துத்தானே குளிர்காலத்தில் தலையை நீவிவிட முடியும்?

அடுத்தது ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி. இதைச் செய்யும் வேலை தினமும் நடக்கிறது. மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு, நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும் இறக்கைக்கு, அரளி மொட்டுகள் வாலுக்கு, காக்காப்பொன் கண்ணுக்கு, கட்டுவதற்கு வாழைநார். ஒரு கிளியை முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாள் இருக்கும். மறுநாள் அது பக்தர் ஒருவர் கையில், ஆண்டாளிடம் புதுக் கிளி.

இதில் ஒரு வரலாற்றுச் செய்தி ஒளிந்திருக்கிறது. மரவள்ளி நம் நாட்டுச் செடி அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பஞ்சத்துக்கு உதவும் என்று அதைப் பரப்பினார். மலைக்கு அந்தப் பக்கம் அவர் சீமை, இந்தப் பக்கம் நம் சீமை. ஆண்டாள் காலத்தில் இந்த இலை இங்கே கிடையாது. ஆகவே, எப்போதோ ஒரு கைவினைஞர் இந்தப் புது இலையை எடுத்துப் பார்த்து, மடிக்க நன்றாக வருகிறது, பச்சையும் பொருந்துகிறது என்று முடிவு செய்திருக்கிறார். மரபு என்றால் எதையும் மாற்றாமல் வைத்திருப்பது என்று வாதாடுபவர்கள் இந்தக் கிளியை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.

பனி பெய்யாத ஊரில் 'ஸ்நோ'

வீட்டுப் பக்கம் வருவோம். வெண்ணெயை உதட்டில் தடவுவது, விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துக் குதிகாலுக்குப் போடுவது, சீயக்காய் தேய்த்துக் குளித்த கூந்தலைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்துவது, இவையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சாம்பிராணிக்குப் பிரெஞ்சில் 'பென்ஷுவேன்' என்று பெயர். அரபு வணிகர்கள் 'ஜாவாத் தூபம்' என்று சொன்னதிலிருந்து திரிந்து வந்த சொல். நம் பெண்கள் தலை உலர்த்தியது கடல் கடந்து வந்த பிசினில்தான்.

1919இல் பம்பாயில் பட்டன்வாலா என்பவர் 'ஆப்கான் ஸ்நோ' என்ற முகப்பூச்சைக் கொண்டுவந்தார். பனிக்கட்டியையே பார்க்காத நம் ஊர்களில் 'ஸ்நோ' என்ற சொல் தமிழ்ச் சொல்லைப்போல் ஆகிவிட்டது. கல்யாணப் பெண்ணுக்கு ஸ்நோவும் குட்டிக்கூரா பவுடரும் வாங்காத வீடு அன்று உண்டா? 1952இல் டாட்டா நிறுவனம் பிரெஞ்சு நிறுவனங்களின் துணையோடு லாக்மே தொடங்கியது. 'லாக்மே' என்பது லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம். 1883இல் லியோ தெலிப் இசையமைத்த இசை நாடகத்தின் பெயர் அது. நம் லட்சுமி பாரிசுக்குப் போய், மேடையேறி, பெயரை மாற்றிக்கொண்டு, டப்பாவில் அடைபட்டுத் திரும்பி வந்தாள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டப்பா வந்ததால் வேலை குறைந்தது. ராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கியபின், ஊர் எழுவதும் படுப்பதும் சங்குச் சத்தத்துக்கு ஏற்ப மாறியது. எண்ணெய் காய்ச்சவும் ஊறவைக்கவும் யாருக்கு நேரம்?

குறைந்தது எது?

தைலம் கடையில் கிடைக்கிறது. கிரீம் கிடைக்கிறது. கம்பளிப் போர்வையைத் தெருவிலேயே கூவி விற்கிறார்கள். குறைந்துபோனது இன்னொருவர் கை.

யோசித்துப் பாருங்கள், இந்த வரலாற்றில் ஒரு இடத்திலாவது யாரேனும் தனியாக இருக்கிறார்களா? வையையில் தோழிகள். திருப்பாவையில் வீடு வீடாகப் போய் எழுப்பும் கூட்டம். விஷ்ணுசித்தர் வீட்டில் பந்தி. எண்ணெய்க் காப்பு மண்டபத்தில் சிக்கெடுத்துவிடும் கை. ஆண்டாள் தானே எண்ணெய் தேய்த்துக்கொள்வதில்லை.

நம் தெருவிலேயே எழுபது, எண்பது வயதில் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர்? பிள்ளைகள் கோவையிலும் துபாயிலும். முதுகுக்கும் குதிகாலுக்கும் அவர்கள் கை எட்டாது. குளிரில் வறண்டு, சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறார்கள். நல்லெண்ணெய் அலமாரியில்தான் இருக்கிறது, தேய்த்துவிட ஆள் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு என் மனைவி வாரம் ஒரு நாள் தலைவாரி எண்ணெய் வைத்துவிடுகிறாள். அரை மணி நேர வேலை. அன்று முழுவதும் அந்த அக்காவின் குரலே வேறு மாதிரி இருக்கும்.

இந்த வயதில் எண்ணெய்க் குளியலுக்குச் சில எச்சரிக்கைகளும் வேண்டும். விடியற்காலை நமக்கு வேண்டாம். வெயில் ஏறிய பின் வெந்நீர் போதும். தரையில் எண்ணெய் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். இடுப்பெலும்பு முறிந்தால் எந்தத் தைலமும் உதவாது. குதிகால் பிளவு ஆழமாக இருந்தால், சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கடைசியாக, எழுத்தர் புத்தியில் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ காய்ச்சிய எண்ணெய்க்கு என்னென்ன போட்டார்கள், எத்தனை படி, எத்தனை நாள் வெயிலில் வைத்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, கீழே தேதி போட்டு வையுங்கள். கோயிலில் அந்தக் கணக்கைக் காப்பாற்ற ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கணக்கு நம் தலைமுறையோடு போய்விடும். எழுதி முடித்ததும், எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கள்.