கைப்பை வரம்பு, விமானப் பயணத்தில்

விமானப் பயணி தன்னுடன் இருக்கைக்குக் கொண்டுசெல்லும் பைக்கு விதிக்கப்படும் எண்ணிக்கை, எடை, அளவுக் கட்டுப்பாடு. இந்திய உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்குப் பொதுவாக ஒரு பை, 7 கிலோ. இண்டிகோ நிறுவனம் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 115 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறது.

சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் வட்டாரத்தாருக்கு அருகிலுள்ள விமான நிலையம் ரேணிகுண்டாவில் இருக்கும் திருப்பதி நிலையம். அங்கே பலரது கையிலும் திருமலைப் பிரசாதப் பை இருக்கும். லட்டு ஒன்று சுமார் 175 கிராம்; நாற்பது லட்டே 7 கிலோவை எட்டிவிடும். குடும்பத்தோடு போகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

எடையையும் அளவையும் விமான நிறுவன ஊழியர்கள் பயணப் பதிவு முகப்பிலோ ஏறும் வாயிலிலோ சோதிப்பார்கள். பை அளவுச் சட்டகத்துக்குள் அடங்காவிட்டால் சரக்கறைக்குப் போகும், கட்டணமும் விழலாம். ‘ஒரே பை’ விதி சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தினுடையது; பெண்களின் சிறு கைப்பை, குழந்தை உணவு, ஊன்றுகோல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களில் தலைக்கு மேலுள்ள அடுக்கு குறுகலானது என்பதால், வரம்புக்குட்பட்ட பையைக்கூட விமானப் படியருகே வாங்கிச் சரக்கறையில் வைப்பதுண்டு. அப்படிப் பையைக் கொடுக்கும் முன் மருந்தையும் ஆவணங்களையும் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.