"போயிட்டு வரேன்"னா எத்தனை மணிக்கு?

மாஸ்டர்ஸ் படிக்க பால்டிமோர் கிளம்பின அன்னிக்கு, வாசல்ல தம்பிகிட்ட "போயிட்டு வரேன்டா"ன்னேன். "எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சோம். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வாசல்லயே உட்கார்ந்திருந்தான்னு அம்மா அப்புறம் போன்ல சொன்னப்போ எனக்குச் சிரிப்பு வரலை. தம்பிக்கு ஆட்டிசம் மக்களே.

இதே பால்டிமோர்ல, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த லியோ கானர் என்ற மனநல மருத்துவர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தின் கதையைப் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதில் முதல் பையன் டொனால்ட். "ஆமாம்னு சொன்னா தோள்ல தூக்கிக்கறேன்"னு அப்பா சொல்லிக் கொடுத்தார். அதுக்கப்புறம் பல மாசம் அவனுக்கு "ஆமாம்" என்றால் "தோளில் தூக்கு" மட்டும்தான். இன்னொரு பையன் ஜான். படம் சுவர் மேல இல்லை, சுவர் பக்கத்துல இருக்குன்னு அப்பாவையே திருத்தினான். யோசிச்சுப் பார்த்தா அவன் சொன்னதுல என்ன தப்பு?

1944-ல் வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் ஒரு படி மேலே போய், இந்தக் குழந்தைகளுக்கு நகைச்சுவை உணர்வே இல்லை என்று எழுதினார். ஆனால் அதே கட்டுரையில், சொல் விளையாட்டில் சிலர் கெட்டிக்காரர்கள் என்றும் ஒத்துக்கொண்டார். முதல் பாதி ஊரெல்லாம் பரவிடுச்சு. இரண்டாவது பாதியை யார் படிச்சாங்க?

அவங்க நம்மை எப்படித் தப்பாப் புரிஞ்சுக்கறாங்கன்னுதான் பல காலம் எழுதினாங்க. நாம அவங்களை எப்படித் தப்பாப் புரிஞ்சுக்கறோம்? ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012-ல் இதைத்தான் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கு.

டொனால்ட் ட்ரிப்லெட் வளர்ந்து, மிசிசிப்பியில் தன் சொந்த ஊர் வங்கியிலேயே வேலை பார்த்தார். தெரிஞ்சவங்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்து, அதை மறக்காம வச்சிருந்தார். ஊரும் அவரை அப்படியே ஏத்துக்கிச்சு. 2023-ல் 89 வயசில் இறந்தார்.

இப்பல்லாம் போனை வைக்கும்போது நான் "போயிட்டு வரேன்" சொல்றதில்லை. "ஞாயித்துக்கிழமை காலைல 9 மணிக்குக் கூப்பிடறேன்"னு சொல்றேன். போன வாரம் 9:04 ஆயிடுச்சு.

"நாலு நிமிஷம் எங்க போயிட்டு வந்தே?"ன்னான்.

இந்தத் தடவை முதல்ல சிரிச்சது அவன்தான். எனக்குப் புரியத்தான் கொஞ்சம் நேரமாச்சு.