கித்தாக்காட்டு நிலவு – 7: ஒரே மெட்டு, இரண்டு முறை

பேராக்கில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஒரு குழப்பம் பழக்கமானது. திங்கட்கிழமை காலை சபைகூடல். வரிசை பார்த்து, கையை ஒட்டி நிற்போம். முதலில் தேசிய கீதமான 'நெகாராகு'. அது முடிந்த கையோடு மாநிலப் பண். சொற்கள் வேறு, மெட்டு அதே மெட்டு. முதலாம் வகுப்பில் இருந்தபோது, முதல் தடவை நாங்கள் ஒழுங்காகப் பாடவில்லை, அதனால்தான் வாத்தியார் திரும்பப் பாடச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன். கெடாவிலோ ஜொகூரிலோ படித்த பிள்ளைக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

சென்ற வாரம் நாம் பாதியில் விட்டுவந்த இசைத்தட்டில் சுழன்றுகொண்டிருந்ததும் இந்த மெட்டுதான்.

லண்டன், 1947. அந்த ஆண்டுக் குளிர் பிரிட்டனை நடுக்கியெடுத்தது. போர் முடிந்திருந்தும் ரேஷன் முடியவில்லை. அப்படிப்பட்ட ஊருக்குத் தென்னை மரமும் கடலலையும் விற்றுப் பிழைத்தார் ஒருவர். பெயர் ஃபெலிக்ஸ் மெண்டல்சன். ஜெர்மானிய இசைமேதையின் அதே பெயர். அவர் வம்சம் என்று சொல்லிக்கொண்டும் இருந்தார். அவருடைய குழுவின் பெயர் 'ஹவாயன் செரினேடர்ஸ்'. தலைவரோ லண்டனில் பிறந்தவர். ஸ்டீல் கிட்டார் நரம்பின் மேல் உலோகக் கட்டையை வழுக்கிவிட்டால் ஒரு ஏக்கம் பிறக்குமே, அதுதான் அந்தக் குழுவின் சரக்கு.

அவர்கள் அந்த ஆண்டு பதிவுசெய்த தட்டுகளில் ஒன்றின் பெயர் 'மாமுலா மூன்'. நம் காதுக்கு 'மாமூல் நிலா' என்று விழும். மாமூலான நிலாப் பாட்டுதான், மெட்டைத் தவிர. தட்டை வாங்கி வீட்டில் சுழலவிட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், கடல் தாண்டி ஒரு மாநிலத்தில் அதே மெட்டுக்கு ஒரு சுல்தான் எழுந்து நிற்கிறார் என்று?

எத்தனை தட்டு விற்றது, எத்தனையாவது இடம் பிடித்தது என்று வாசகர்கள் கேட்பீர்கள். பிரிட்டனில் இசைத்தட்டு விற்பனையை எண்ணி வரிசைப்படுத்தும் வாரப் பட்டியலை 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழ் தொடங்கியதே 1952 நவம்பர் 14 அன்றுதான். மெண்டல்சன் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். பட்டியலுக்கு முந்திய காலத்துப் பாட்டு அது. அதற்கு எண் கிடையாது.

இனி, அந்த மெட்டு லண்டனுக்கு வந்த வழி.

1875 நவம்பர் 2. பேராக் ஆற்றங்கரை, பாசிர் சாலாக். முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச், ஆற்றில் மிதக்கும் குளியலறையில் இருந்தபோது ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். வரி வசூலைச் சுல்தானிடமிருந்தும் பிரதானிகளிடமிருந்தும் பிடுங்கியவர், மலாய் வழக்கங்களில் கைவைத்தவர் என்று அவர் மேல் ஆத்திரம் குமைந்துகொண்டிருந்தது. பதிலடி கடுமையாக வந்தது. 1877 ஜனவரியில், கொலைச் சதிக்குத் தலைமை தாங்கிய பிரதானி மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டார். சதியில் பங்குண்டு என்று குற்றம்சாட்டப்பட்ட சுல்தான் அப்துல்லாவை இந்தியப் பெருங்கடலில் உள்ள செய்ஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள்.

அதே 1877. சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்து இறங்கின. பிரேசில் காட்டு விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கை வழியாக வந்த கன்று. அவற்றில் ஒன்பது பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. புது ரெசிடெண்ட் ஹியூ லோ அவற்றைத் தம் வளவில் நட்டுவைத்தார். ஒன்று இன்றும் நிற்கிறது. அந்த வழியாகப் போனால் இறங்கிப் பாருங்கள். பெரிய அழகொன்றும் இல்லை, கிழட்டு மரம்.

ஒரே ஆண்டில் ஒரு சுல்தான் வெளியே போனார், ஒரு மரம் உள்ளே வந்தது. அந்த மரம் பால் கொடுக்கத் தொடங்கிய பிறகு நாகப்பட்டினத்தில் கப்பலேறி நம் ஆட்கள் பெருந்திரளாக இங்கே வந்தார்கள். லயத்து வாழ்க்கை, விடியுமுன் பெரட்டு, கிராணியின் செக்ரோல், மங்கில் சொட்டும் பால் எல்லாம் அந்த ஒன்பது கன்றின் பின்னால் வந்தவை. வெளியே போன சுல்தானின் பின்னால் வந்தது ஒரு பாட்டு.

செய்ஷெல்ஸை ஆண்டது பிரிட்டன். பேச்சும் பாட்டும் பிரெஞ்சு. மாஹே தீவில் அப்போது பலர் வாயிலும் ஒலித்த ஒரு மெட்டு 'லா ரோசலி'. கவிஞர் பெரான்ஜே பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். நாடிழந்த குடும்பத்தின் காதில் அது ஆண்டுக்கணக்கில் விழுந்தது. பிள்ளைகளுக்கு மனப்பாடமும் ஆகியிருக்கும்.

இதற்கு மேல் நடந்ததற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. எனக்குப் பிடித்தது சவுத்தாம்டன் துறைமுகக் கதை. நம்பத்தக்கது என்பதற்காக அல்ல. அதில் ஒரு பழிவாங்கல் இருக்கிறது.

ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்குப் பேராக் சுல்தான் இட்ரிசுக்கு அழைப்பு வந்தது. பர்ச் கொலை வழக்கில் நீதிபதியாக அமர்ந்தவர்களில் ஒருவர்தான் இந்த இட்ரிஸ். அவருடன் துணை அதிகாரியாகக் கப்பலேறியவர் ராஜா ஹாருன், நாடு கடத்தப்பட்ட அப்துல்லாவின் மகன். கப்பல் கரை தொட்டதும் ஒரு அதிகாரி ஏறிவந்தார். 'விழாவில் வாசிக்க வேண்டும், உங்கள் மாநில கீதத்தின் இசைக்குறிப்பைக் கொடுங்கள்.' பேராக்குக்கு அப்படி ஒரு கீதமே கிடையாது. இல்லை என்று சொன்னால் மானம் போகும். ஹாருன் அசரவில்லை. குறிப்பைக் கொண்டுவரவில்லை, மெட்டைச் சொல்கிறேன், யாராவது எழுதிக்கொள்ளட்டும் என்று முணுமுணுத்தாராம். நாவில் வந்தது 'லா ரோசலி'. பிறகு சுல்தானிடம் ஓடிப்போய், இந்த மெட்டு கேட்டால் எழுந்து நில்லுங்கள் என்று காதோடு சொல்லிவைத்தாராம்.

தன் அப்பாவைத் தீவுக்கு அனுப்பியவர்களின் ஊரில், அந்தத் தீவின் பாட்டுக்கே அவர்களை மரியாதை செய்ய வைத்த மகன்! கதை கட்டியதாகவே இருக்கட்டும், கட்டியவன் கைக்காரன். அரசருக்குக் குடல்வால் நோய் வந்து 1902 ஜூன் 26 விழா ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போனது. மெட்டை உருப்போட நேரம் தாராளமாகக் கிடைத்திருக்கும்.

அரண்மனையில் கீதமானது வீதியில் காதலானது. பங்சாவான் நாடகக் குழுக்கள் வழியாக அதே மெட்டு 'தெராங் புலான்', அதாவது நிலவொளி, என்ற பாட்டாகப் பரவியது. விருந்துகளில் ஆடினார்கள். அங்கிருந்துதான் மெண்டல்சனின் ஸ்டீல் கிட்டாருக்கு அது போய்ச் சேர்ந்தது.

தட்டு வெளிவந்த மறுவருஷம், 1948 ஜூன் 16, பேராக்கின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கி வெடித்தது. மூன்று துரைமார் பிணமானார்கள். அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி ஏறியது. அந்தக் கதையை மூன்றாம் வாரத்திலேயே சொல்லிவிட்டேன்.

நேரே 1957க்கு வருவோம். சுதந்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது: ஆகஸ்ட் 31. கொடி உண்டு, கீதம் இல்லை. ஹாருனின் சங்கடம் இப்போது ஒரு நாட்டுக்கே வந்தது. துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையில் குழு அமைத்து, உலகப் போட்டி வைத்தார்கள். 514 மெட்டுகள் வந்தன, ஒன்றும் தேறவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், மெனோட்டி, சிங்கப்பூரின் சுபிர் சைட் என்று பெரிய கைகளைக் கேட்டார்கள். அவையும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டன.

ஆகஸ்ட் பிறந்துவிட்டது. குழு பேராக்கின் பக்கம் திரும்பியது. ஆகஸ்ட் 5 அன்று முடிவு: சுல்தானின் பழைய மெட்டு, புதுச் சொற்கள். மீதி 26 நாள்.

சொல்லை மாற்றலாம், காலை என்ன செய்வது? நேற்றுவரை ஜோடி சேர்ந்து ஆடிய மெட்டு அது. லண்டன் தட்டு இன்னும் யார் யார் வீட்டு அலமாரியிலோ கிடக்கிறது. நள்ளிரவு. கோலாலம்பூர் திடலில் யூனியன் ஜாக் இறங்குகிறது. பேண்டு வாத்தியக்காரர்கள் மூச்சை இழுக்கிறார்கள். கூட்டத்தில் 'தெராங் புலான்' பாடிப் பழகிய ஆயிரம் வாய்கள், முதல் சுரம் விழுந்ததும்...

(நிலவு அடுத்த வாரமும் வரும்: காதல் பாட்டின் வாயைச் சட்டம் எப்படிக் கட்டியது? அவமதித்தால் 100 வெள்ளியா, ஒரு மாதச் சிறையா?)